எண் பதினேழின் காலி அட்டைகள்

யின் ஷுச்சினிடம் யாரும் எதையும் கொடுத்துவிட முடியாது. இது எவ்வளவு பெரிய தொல்லை என்பது வட சீனாவின் ஃபென் ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் பக்கம் ஒருவரைப் பார்க்கப் போகும்போது கையை வீசிக்கொண்டு போகிற பழக்கம் கிடையாது. பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவன்கூட வீங்கின கன்னத்தோடு எங்கள் ஊர் வினிகர் புட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டுதான் போவான். ஷுச்சின் வாங்கமாட்டாள். மாவட்ட மருத்துவமனையின் இரண்டாம் மாடி நடையில் யாராவது ஒரு பையை அவள் கையில் திணிக்க, அவள் அதை அவர் கையிலேயே திருப்பித் திணிக்க, இரண்டு பேரும் மல்லுக்கட்டிக்கொண்டே மாடிப்படி வரைக்கும் போய்விடுவார்கள். பார்க்கிறவர்கள் சண்டை என்றே நினைப்பார்கள். கடைசியில் பை, கொண்டுவந்த ஆளோடுதான் திரும்பிப் போகும்.

அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஆள் குட்டை, குரல் மட்டும் ஆறடி. முப்பத்தாறு வருடம் பொது மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தாள், அதில் கடைசிப் பதினைந்து வருடம் தலைமை நர்ஸ். ஓய்வு பெற்ற மறு மாதமே மருத்துவமனை அவளைத் திரும்பக் கூப்பிட்டு, 'மருந்து ஆராய்ச்சி அறை' என்று பலகை மாட்டிய ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தது. நோயாளிகளுக்கு அவள் இன்றைக்கும் ஹெட் சிஸ்டர்தான்.

அங்கே அவள் வேலை மாத்திரை எண்ணுவது. சிரிக்காதீர்கள். இரத்த அழுத்தத்துக்குப் புதிதாக ஒரு மாத்திரை வந்திருந்தது. எந்த அளவு கொடுத்தால் யாருக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பதினோரு மருத்துவமனைகளில் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பங்குக்கு நாற்பது பேர். நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரவேண்டும், அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும், பழைய மாத்திரை அட்டைகளை ஒன்று விடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியவை வாங்கிப்போக வேண்டும். கொடுத்தது ஐம்பத்தாறு, திரும்பியது மூன்று என்றால், சாப்பிட்டது ஐம்பத்து மூன்று. ஷுச்சின் எண்ணி எழுதுவாள். அந்த எண்ணை நம்பித்தான் எங்கோ தலைநகரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்த மருந்து நல்லதா கெட்டதா என்று முடிவு கட்டுவார்கள்.

"ஊருல உன் வயசுக்காரங்க பூங்காவுல டான்ஸ் ஆடறாங்க. நீ மாத்திரை எண்றே" என்பார் அவள் கணவர். அவர் பழைய பஸ் டிரைவர்.

"நீ முப்பது வருஷமா டிக்கெட் எண்ணினவன் பக்கத்துல உக்காந்து ஓட்டினியே, அவன என்னிக்காவது கேட்டியா?" என்பாள் இவள்.

எண் விஷயத்தில் அவளுக்கு இத்தனை பிடிவாதம் ஏன் என்று பலருக்கும் தெரியாது. அவளுக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது நடந்தது அது. பனிக்காலம். வார்டில் இருபத்து நான்கு பேருக்குக் காலையில் உடல் சூடு பார்த்து எழுத வேண்டும். கண்ணாடி வெப்பமானி, ஆளுக்கு ஐந்து நிமிடம். கடைசி ஆறு பேர் நல்ல தூக்கம். எழுப்ப மனம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டாள். உண்மையில் கேன்டீனில் தினைக் கஞ்சி தீர்ந்துவிடும் என்ற அவசரம். ஆறு பேருக்கும் காய்ச்சல் இல்லாத அளவாக முப்பத்தாறு புள்ளி எட்டு என்று எழுதிவிட்டாள். அப்படி எழுதுகிறவள் அவள் ஒருத்தி மட்டும் இல்லை, அது வேறு விஷயம். அந்த ஆறு பேரில் ஒருவர் சுரங்கத் தொழிலாளி, காலில் புண். அவருக்கு அப்போதே காய்ச்சல் ஏற ஆரம்பித்திருந்தது. சாயங்காலம்தான் தெரிந்தது. விஷம் இரத்தத்தில் கலந்து, மூன்று வாரம் இழுத்துப் பறித்துப் பிழைத்தார். டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது, "சின்ன சிஸ்டர், நீ என்னை ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டே" என்று ஒரு பை நிறைய உலர்ந்த இலந்தைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

வாங்கிக்கொண்டாள். ஒன்றைக்கூட அவளால் விழுங்க முடியவில்லை. அன்றிலிருந்து நோயாளிகளிடம் அவள் ஒரு துரும்பும் வாங்கியதில்லை, பார்க்காத எண்ணை எழுதியதும் இல்லை.

இனி கெங் பாவ்தியன் கதைக்கு வருவோம். அறுபத்தாறு வயது, வினிகர் ஆலையில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, பெரிய கை, பேச்சு மட்டும் கொஞ்சம். ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்தபோது மனைவி சுய்லியனையும் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேருக்குமே அழுத்தம் அதிகம். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் அவருக்கு எல்லாம் சரி. அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் சற்றுப் பலவீனம். இந்த மருந்து அவருக்கு ஆகாது, வேண்டாம் என்று மருத்துவர் தோங் சொல்லிவிட்டு, வேறு மருந்து எழுதிக்கொடுத்தார்.

"ரெண்டு பேரும் ஒரே சட்டியிலதான டாக்டர் சாப்பிடறோம்?" என்று மட்டும் கேட்டார் கெங். தோங்குக்கு வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இப்படி கெங் எண் பதினேழு ஆனார். ஷுச்சினுக்கு அவர் கிடைத்தது வரம். மற்றவர்கள் கொண்டுவரும் அட்டைகளைப் பார்க்கவேண்டுமே. ஒருத்தர் அட்டையில் ஆறு மிச்சம், இன்னொருத்தர் அட்டையையே தொலைத்துவிட்டு வந்து தலையைச் சொறிவார். கெங் மட்டும் அட்டைகளைச் செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் போட்டுக் கொண்டுவருவார். ஐம்பத்தாறு குழி, ஐம்பத்தாறும் காலி. ஷுச்சினுக்கு முகமெல்லாம் பல். அந்தக் கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடைக்கே வந்துவிடுவாள்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. இது கெங் அண்ணன் கணக்கு. ஒண்ணு மிச்சமில்ல. இங்க சில பேரு கொண்டாந்திருக்கீங்களே, எலி கடிச்ச மாதிரி, அதையும் பாத்துக்கங்க."

பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். மிச்சம் வைத்தவர்கள் அட்டையைப் பைக்குள் தள்ளுவார்கள். கெங்கின் காது சிவந்துபோகும். சுய்லியன் கணவரைப் பார்த்துக்கொண்டே சூரியகாந்தி விதை கொறிப்பார். அந்த அம்மா ஒருமுறைகூட அவரைத் தனியாக அனுப்பியதில்லை.

கொஞ்ச நாளில் மற்றவர்களின் அட்டைகளும் சுத்தமாகிவிட்டன. தன் நாக்குக்குக் கிடைத்த வெற்றி என்று ஷுச்சின் பெருமைப்பட்டாள். பெருமை கண்ணை மறைக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன. தெரிந்தும் பெருமைப்பட்டாள்.

கெங்கிடம் ஒன்றே ஒன்றுதான் இடித்தது. அழுத்தம் இறங்கவே இல்லை. முதல் மாதம் நூற்று அறுபத்தெட்டு, அடுத்தது நூற்று அறுபத்து நான்கு, மூன்றாவது மறுபடி நூற்று அறுபத்தாறு. மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்க வேண்டும், அது ஆராய்ச்சியின் விதி. தோங் பேனாவைத் திறந்துவிட்டார்.

"யின் அக்கா, பதினேழுக்கு டபுள். கையெழுத்துப் போட்டுடறேன்."

"ஒரு நிமிஷம் இருங்க டாக்டரே."

"ஏன், எண்ணிக்கை சரியாத்தானே இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு. ஒழுங்கா சாப்பிடற மனுசனுக்கு ஏன் எறங்கவே மாட்டேங்குது?"

"சிலருக்கு எறங்காது. அதைக் கண்டுபிடிக்கத்தானே ஆராய்ச்சி?" என்றார் தோங். அவர் சொன்னதிலும் தவறில்லை.

ஷுச்சின் அட்டையை ஜன்னல் பக்கம் எடுத்துப் போனாள். ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு வரிசை. இடது வரிசைக்கு மேலே சூரியன் படம், காலையில் போட்டுக்கொள்ள வேண்டியது. வலது வரிசைக்கு மேலே பிறை, இரவுக்கு. இத்தனை மாதம் எண்ணியிருக்கிறாளே தவிர, ஓட்டைகளை அவள் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். சூரியன் வரிசையில் தகடு பிய்ந்து கிடந்தது, பெரிய கட்டைவிரலால் ஓங்கி அழுத்தின ஓட்டை. பிறை வரிசையில் ஒவ்வொரு குழியிலும் ஓரமாக, நறுக்கென்று, கத்தரிக்கோலால் கீறின சின்ன வெட்டு. ஒரு அட்டையில் அல்ல, நான்கிலும் அப்படியே. பீரோவைத் திறந்து முந்தைய மாதத்து அட்டைகளை எடுத்தாள். அவையும் அப்படியே.

ஒரே ஆள் காலையில் விரலாலும் ராத்திரி கத்தரியாலும் திறப்பானா?

நடைக்கு வந்தாள். சுய்லியன் பெஞ்சில் உட்கார்ந்து விதைப் பொட்டலம் ஒன்றைத் திறந்துகொண்டிருந்தார். விரல் முட்டெல்லாம் வீங்கியிருந்தன. விரலால் கிழிக்க முடியாமல், பையிலிருந்து நூல் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து ஓரமாக நறுக்கென்று ஒரு வெட்டு வெட்டினார்.

ஷுச்சின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எப்போதும் நின்றே பேசுகிறவள் உட்கார்ந்ததும் அந்த அம்மாவுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"அக்கா, ஒடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன. அவருக்குத்தான் எறங்க மாட்டேங்குது."

"காலு?"

சுய்லியன் விதையைக் கையிலேயே வைத்துக்கொண்டார். "நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க? ஒரு மாசமா காலுல சக்தியே இல்ல. படி ஏறுறப்போ பஞ்சை மிதிக்கிற மாதிரி இருக்கு. நெஞ்சு வேற அப்பப்ப ஒரு அடி விட்டுட்டு அடிக்குது. வயசாயிடுச்சில்ல, அப்படித்தான்னு விட்டுட்டேன்."

ஷுச்சின் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த மருந்து சிறுநீரகம் பலவீனமானவர்களின் இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடும், அது இதயத்தை நிறுத்திவிடும். அதற்காகத்தான் அந்த அம்மாவை வேண்டாம் என்றார்கள். தோங்கின் பேனா ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் இன்று ராத்திரியிலிருந்து அதுவும் இரட்டிப்பு. அவள் சக்கர நாற்காலியை இழுத்துவந்து, "உக்காருங்க அக்கா, சும்மா ஒரு ரத்தப் பரிசோதனை" என்றாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பொட்டாசியம் ஆறு புள்ளி நான்கு. இதயப் படத்தில் கோடுகள் கூடாரம் கூடாரமாக எழும்பி நின்றன. அரை மணி நேரத்தில் சுய்லியன் கீழ்த்தளத்தில் கட்டிலில் இருந்தார், கையில் ஊசி, தலைமாட்டில் மானிட்டர். தோங் பக்கத்திலேயே நின்றார், வெளியே காத்திருந்த முப்பது பேரையும் மறந்துவிட்டு. சாயங்காலத்துக்குள் கோடுகள் பணிந்தன.

கெங் நடையில் சுவரோடு சாய்ந்து குந்தியிருந்தார். ஷுச்சினும் எதிரில் குந்தினாள். முட்டி வலிக்கும் என்று வீட்டில் கோழிக்குத் தீனி போடக்கூடக் குனியாதவள்.

"பொழச்சுக்கிட்டாங்க அண்ணே. பயப்படாதீங்க."

அவர் தலையை ஆட்டினார்.

"ராத்திரி மாத்திரைய அவங்கதான் போட்டுக்கிட்டாங்க, இல்ல?"

"நாப்பத்தோரு வருசமா ஒரு முட்டை இருந்தாலும் ஆளுக்குப் பாதி சிஸ்டர். புது மருந்து, நல்ல மருந்துங்கறாங்க. அவளை வெச்சுக்கிட்டு நான் மட்டும் எப்படி முழுங்குறது? எறங்கல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேணாம்பீங்க."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன், மடமனுசா. அதுக்குத்தானே என்னை இங்க உக்கார வெச்சிருக்கு." திட்டிக்கொண்டே அவர் பக்கம் இன்னும் நகர்ந்து குந்தினாள். "சரி, குடுத்தீங்க. அப்புறம் எதுக்கு எல்லா அட்டையையும் காலி பண்ணி அவ்வளவு சுத்தமாக் கொண்டாந்தீங்க? ராத்திரி மாத்திரை போட்டுக்கலன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்குமே."

கெங் அவளை நிமிர்ந்து பார்த்தார். இதைக்கூடப் புரிந்துகொள்ள மாட்டாயா என்கிற பார்வை.

"நீங்கதான் எதுவும் வாங்கறதில்லையே சிஸ்டர். வினிகர் குடுத்தா வேணாம். தினை குடுத்தா வேணாம். போன வருசம் ஒரு பரங்கிக்காய் கொண்டாந்தேன், அதையும் மாடிப்படி வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்துட்டீங்க. ஆனா அட்டை காலியா இருந்தா மட்டும் உங்க மொகத்துல அப்படி ஒரு சந்தோசம். இதையாவது குடுப்போமேன்னு நெனச்சேன். இங்க எல்லாரும் அப்படித்தான்."

"எல்லாரும்னா?"

கெங் சொல்லலாமா வேண்டாமா என்று நடையின் இரண்டு பக்கமும் பார்த்தார். "மிச்சம் இருந்தா கீழ பாத்ரூம்ல போட்டுட்டுத்தான் சிஸ்டர் மேல வருவாங்க. மேலதிகாரிங்ககிட்ட உங்களுக்குத் திட்டு விழக் கூடாதுல்ல."

ஷுச்சின் எழுந்திருக்கவில்லை. முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் முப்பத்தாறு புள்ளி எட்டு என்று பொய் எழுதினாளே, அந்தப் பொய்யை இனி எவனும் எழுதக்கூடாது என்றுதானே இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். இப்போது நாற்பது பேர் அவளுக்காக, அவள் மேல் உள்ள பிரியத்தால், அதையே செய்து செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கியிருக்கிறாள். முந்தானை இருந்தால் முகத்தை மூடிக்கொண்டிருப்பாள். வெள்ளைக் கோட்டின் கையால் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த இரண்டு நாளும் ஃபோன்தான். நாற்பது பேரையும் கூப்பிட்டாள். திட்டமாட்டேன், சத்தியமாகத் திட்டமாட்டேன் என்று சொல்லிச் சொல்லிக் கேட்டாள். பதினான்கு பேர் ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் மிச்ச மாத்திரையைச் செவ்வந்தித் தொட்டியில் புதைத்திருந்தார். ஒரு அம்மா மாதாமாதம் தம்பிக்குத் தபாலில் அனுப்பியிருந்தார். இன்னொருவர் அடுத்த வீட்டுக் கோழிக்குப் போட்டிருந்தார்.

"கோழிக்கு ஏதாவது ஆச்சா?" என்றாள் ஷுச்சின், எழுதிக்கொண்டே.

"ஒண்ணும் ஆகல. முன்னைக்கு இப்போ கோவம் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றது ஃபோன்.

மருத்துவமனைத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். இன்னும் பன்னிரண்டு நாளில் தர ஆய்வுக் குழு வருகிறது. மருத்துவமனை ஒரு படி ஏறுமா இறங்குமா என்பது அதில்தான் இருக்கிறது. கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர்.

"யின் அக்கா, பதினேழு விஷயத்தை எழுதித்தான் ஆகணும், புரியுது. மத்த பதினாலு பேரு... அவங்க வாய்ல சொன்னதுதானே? தாள்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"தாள்ல நானும் ஒருத்தருக்கு முப்பத்தாறு புள்ளி எட்டுன்னு சரியாத்தான் எழுதினேன் சார்" என்றாள் ஷுச்சின். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளும் விளக்கவில்லை.

மூன்று பக்கம் எழுதினாள். எண் பதினேழு, மற்ற பதினான்கு, கோழி உட்பட. கடைசிப் பத்தியில் இப்படி எழுதினாள்: 'மாத்திரை மிச்சம் கொண்டுவந்தவர்களை நான் மற்றவர்கள் முன்னால் கேலி செய்தேன். மிச்சம் இல்லாதவர்களைப் புகழ்ந்தேன். அதனால் அவர்கள் மிச்சம் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்கள். எண்ணினேன், கேட்கவில்லை. இது என் தவறு.' கீழே பெயரெழுதித் தேதி போட்டாள். மருத்துவர் தோங் அதைப் படித்துவிட்டு, அவள் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் எழுதினார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் இனிப்பாக இல்லை. இரண்டு மாதம் எங்கள் மருத்துவமனையில் புதிய ஆள் சேர்க்கக் கூடாது என்று கடிதம் வந்தது. தர ஆய்வில் மதிப்பெண் வெட்டப்பட்டது, படி ஏறவில்லை. நடைச் சுவரில் இருந்த 'முன்மாதிரி ஊழியர்' படங்களில் ஒன்று காணாமல் போய், அந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக நின்றது. ஷுச்சின் அந்த இடத்தைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தாள். கெங்கை மட்டும் நீக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருப்பதால், அதே அளவு மாத்திரையோடு அவர் தொடரலாம் என்று பதில் வந்தது. சுய்லியனுக்குத் தன் பெயர் எழுதிய, தனக்கான மருந்துப் பெட்டி கிடைத்தது.

ஷுச்சின் தன் மேஜையில் ஒரு பீங்கான் கிண்ணம் வைத்தாள். யார் வந்தாலும் இப்போது முதல் கேள்வி, "எத்தனை மறந்தீங்க?" என்பதுதான். மிச்ச மாத்திரையைக் கிண்ணத்தில் போட்டால் அவளே வெந்நீர் ஊற்றிக் கொடுத்து உட்காரச் சொல்லுவாள். ஒன்றும் மறக்கவில்லை என்று சொல்கிறவர்களைத்தான் ஏற இறங்கப் பார்ப்பாள்.

நான்கு வாரம் கழித்து கெங் தம்பதி வந்தார்கள். அழுத்தம் நூற்று முப்பத்தெட்டு. தோங் இரண்டு முறை பார்த்தார், இரண்டு முறையும் அதுவே. கெங் செய்தித்தாள் கட்டை மேஜையில் வைத்தார். காது சிவந்திருந்தது.

"எத்தனை மறந்தீங்க அண்ணே?"

"ரெண்டு" என்றார் அவர் மெதுவாக. ஓட்டைகளைப் பார்த்தாள். சூரியன் வரிசையிலும் பிறை வரிசையிலும் ஒரே கட்டைவிரல். இரண்டு மாத்திரை குழிக்குள்ளேயே இருந்தன. அவள் பேனாவை எடுத்தாள்.

"ரெண்டு இல்ல, மூணு" என்றார் சுய்லியன் பின்னாலிருந்து. கைக்குட்டை முடிச்சை வீங்கின விரல்களால் அவிழ்த்தார். உள்ளே ஒரு மாத்திரை, தூசி படிந்து, ஒரு தலைமுடி ஒட்டிக்கொண்டு இருந்தது. "போட்டுக்கிட்டேன்னு இவரு சத்தியம் பண்ணினாரு. கட்டிலுக்கு அடியில பெருக்கறப்போ கெடச்சுது. உங்ககிட்ட குடுக்கணும்னு அப்படியே எடுத்து வெச்சேன்."

கெங் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஷுச்சின் இரண்டு கையையும் நீட்டினாள். எங்கள் பக்கம் பெரிய பொருளை அப்படித்தான் வாங்குவது. அந்த அழுக்கு மாத்திரையை வாங்கிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, மூன்று என்று எழுதினாள்.